பாடநூல் வழி வந்த அப்பா: ஜப்பானியக் குடும்ப விளிச்சொற்களின் வரலாறு

ஜப்பானில் தந்தையை ‘ஒத்தோஸான்’ என்றும் தாயை ‘ஒக்காஸான்’ என்றும் அழைக்கிறார்கள். காலங்காலமாக வரும் வழக்குப் போலத் தோன்றினாலும், இவ்விரு சொற்களும் நாடு முழுமைக்கும் பொதுவானது 20ஆம் நூற்றாண்டில்தான். சொற்களை அரசு புகுத்தியது. யாரை எந்த முறையில் அழைப்பது என்ற ஒழுங்கோ வீட்டுக்குள்ளேயே உருவாகி நின்றது. இக்கட்டுரை இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கிறது.

8ஆம் நூற்றாண்டுத் தொகைநூலான ‘மன்யோஷூ’வில் ஆண் தன் உடன்பிறந்தாளை ‘இமோ’ என்கிறான். அவள் மூத்தவளா இளையவளா என்பது பொருட்டில்லை. காதலிக்கும் மனைவிக்கும் அதே சொல்தான். பெண் தன் உடன்பிறந்தானையும் காதலனையும் ‘ஸே’ என்றாள். ஒரே பாலினருக்குள் மட்டுமே வயது கணக்கில் வந்தது. ஆகவே, இன்று தம்பியை மட்டும் குறிக்கும் ‘ஒத்தோத்தோ’ ஒரு காலத்தில் பெண்ணொருத்தியின் தங்கையையும் குறித்தது. அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்ற நாற்பகுப்பு பிற்பாடு நிலைபெற்றதில் சீன எழுத்துமுறையின் செல்வாக்கைக் காணலாம். ஆனால் அந்தச் செல்வாக்குக்கும் எல்லை இருந்தது. பெற்றோரின் அண்ணனுக்கும் தம்பிக்கும் எழுத்து வேறு. வாயில் வருவது இரண்டுக்கும் ‘ஒஜி’தான். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் என்று பிரித்தே பழகிய நமக்கு இது விசித்திரமாகப் படலாம்.

எதோ காலத்தில் (1603–1868) விளிச்சொல்லைக் கேட்டே குடியைச் சொல்லிவிடலாம். சாமுராய் வீட்டுப் பிள்ளைக்குத் தந்தை ‘சிச்சிஉவே’, தாய் ‘ஹஹாஉவே’. கியோத்தோ அரண்மனைப் பிரபுக்களிடம் ‘ஒமோஸமா’, ‘ஒத்தாஸமா’ வழங்கின. எதோ நகர வணிகரும் கைவினைஞரும் ‘ஒத்தொத்ஸான்’, ‘ஒக்கஸான்’ என்றனர். மாகாணங்களின் வட்டார வடிவங்கள் தனி.

எதோ காலத்துக்குப் பின் வந்த மெய்ஜி அரசுக்கு நாடு முழுவதற்கும் ஒரே மொழி தேவைப்பட்டது. தொடக்கப்பள்ளிப் பாடநூல்களை அரசே வெளியிடும் முறை 1903இல் வந்தது; 1904இல் வகுப்புக்குள் நுழைந்த வாசகநூல் ஒத்தோஸான், ஒக்காஸான் என்ற வடிவங்களை ஏற்றது. தோக்கியோ நடுத்தர வகுப்பாரின் பேச்சே அடிப்படை என்று சொல்லப்பட்டாலும், அந்நகரின் பல வீடுகளில் அப்போது புழங்கியது ஒக்கஸான்தான். பாடநூல் இருந்ததைப் பதிவு செய்ததைவிட, இருக்கவேண்டியதைக் கற்பித்தது என்பதே பொருந்தும்.

முப்பது ஆண்டுகள் கழித்து அரசு இன்னொரு முறை தலையிட்டது. தந்தையையும் தாயையும் அழைக்க நகர நடுத்தரக் குடும்பங்களில் பரவிவந்த ‘பாப்பா’, ‘மாமா’வைக் கல்வியமைச்சர் மத்ஸுதா கெஞ்ஜி 1934இல் கண்டித்தார். பலிக்கவில்லை, இன்றும் சிறு குழந்தைகள் அப்படி அழைப்பது சர்வசாதாரணம். குடிக்கொரு சொல்லாகப் பிரிந்து கிடந்தவர்களுக்குப் பொதுச்சொல் ஒன்றைத் தருவது எளிது, குழந்தையின் நாவில் ஏறிவிட்ட சொல்லைப் பறிப்பது கடினம் என்றே இதற்குக் காரணம் காணத் தோன்றுகிறது.

இனி, ஒழுங்கு. மொழியியலாளர் ஸுஸுகி தக்காவோ 1973இல் வெளியான ‘கொத்தோபா தோ புங்கா’ நூலில் இதைத் தெளிவாக வகுத்தார். மூத்தவர்களை உறவுமுறை சொல்லி அழைக்கலாம். ‘நீ’ போன்ற முன்னிலைச் சொல்லால் அழைக்கலாகாது. இளையவர்களுக்குப் பெயர் உண்டு, முறைச்சொல் கிடையாது: தம்பியை யாரும் ‘ஒத்தோத்தோ’ என்று கூப்பிடுவதில்லை. குழந்தை பிறந்துவிட்டால், வீட்டின் கடைக்குட்டி நிற்கும் இடத்திலிருந்தே எல்லோருடைய முறையும் கணக்கிடப்படும்.

ஹஸெகாவா மச்சிக்கோ 1946இல் தொடங்கிய ‘ஸஸாயே-ஸான்’ சித்திரக்கதையின் குடும்பம் இதற்கு நல்ல சான்று. 1969 முதல் தொலைக்காட்சியிலும் வருகிறது. அதில் பாட்டி ஃபுனே தன் பிள்ளைகளின் இடத்திலிருந்து கணவரை ‘ஒத்தோஸான்’ என்கிறாள். அவர் அவளைக் ‘காஸான்’ என்கிறார். பேரன் தாராவுக்கு, தாயின் தம்பி கத்ஸுவோ முறைப்படி மாமன். கத்ஸுவோவோ ஐந்தாம் வகுப்புப் பையன். ஆகவே ‘ஒனீச்சான்’, அதாவது அண்ணன். வயதுக்கு முன்னால் முறை விட்டுக்கொடுத்துவிடுகிறது!

தந்தை, தாய் என்று பொருள்படும் பழைய ‘சிச்சி’யும் ‘ஹஹா’வும் அழிந்துவிடவில்லை. நேரில் அழைக்க அவை உதவா. வெளியாரிடம் தன் பெற்றோரைப் பற்றிப் பேசும்போது வளர்ந்தவர்கள் அவற்றைத்தான் சொல்லவேண்டும். வேலைக்கான நேர்காணலில் ‘என் ஒக்காஸான்’ என்று சொல்பவர் இன்னும் பக்குவப்படாதவராகவே எடைபோடப்படுவார்.