ஏரிக்கரைச் செய்தியும் ஆங்கில நாளேடும்

'தி இந்து' நாளேட்டின் பிறப்புக்குக் காரணம் ஒரு நீதிபதி நியமனம். டி. முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானதை ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் குறைகூறின. அவற்றுக்கு மறுமொழி சொல்ல ஜி. சுப்பிரமணிய ஐயர், எம். வீரராகவாச்சாரியார் உள்ளிட்ட ஆறு இளைஞர்கள் 1878 செப்டம்பர் 20 அன்று ஒரு வார இதழைத் தொடங்கினர். கடன் வாங்கிய ஒன்றேமுக்கால் ரூபாயில் 80 படிகள் அச்சாயின. 1883 முதல் வாரம் மும்முறையும், 1889 முதல் நாள்தோறும் வெளிவந்தது. வழக்கறிஞர்களும் அலுவலர்களும் ஆசிரியர்களுமே அதன் முதல் வாசகர்கள். அந்த வாசகர் வட்டமே எது செய்தி என்பதையும் பெரிதும் தீர்மானித்தது.

இதைப் பழவேற்காடு ஏரியின் செய்திகளில் தெளிவாகக் காணலாம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர்களுள் ஒன்று ஆரம்பாக்கம். அதைத் தாண்டினால் தடா. நாளேட்டின் பக்கப் பிரிவும் இந்த எல்லையையே பின்பற்றுகிறது. சூளூர்ப்பேட்டைப் பூநாரைத் திருவிழா ஆந்திரச் செய்தியாகிறது, பழவேற்காட்டு முகத்துவாரம் தூர்ந்துபோவது தமிழ்நாட்டுச் செய்தியாகிறது. மீனுக்கும் இறாலுக்கும் இல்லாத எல்லை இது.

ஆங்கில ஏடுகளில் ஏரி அடிக்கடி இடம்பெறுவது பறவைகளாலும், 1613இல் எழுந்த டச்சுக்காரரின் கெல்ட்ரியா கோட்டையாலும், டச்சுக் கல்லறைகளாலும்தான். விபத்து நேர்ந்தால் முதல் பக்கம் கிடைக்கும். 2011 கிறிஸ்துமஸ் நாளில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தது அத்தகைய செய்தி. மீன்பிடி இடங்களைக் குப்பத்தார் தங்களுக்குள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' ஏற்பாடோ அரிதாகவே அச்சேறுகிறது. தகராறு முற்றி, மனுவாகவோ மறியலாகவோ மாறினால்தான் அதற்கு இடம். முகத்துவாரம் அடைபட்டால் கடல்நீர் வரத்து குறைந்து இறாலும் மீனும் அருகும். படகுகள் கடலுக்குப் போக வழியும் இராது. குப்பங்களில் இது ஆண்டுக்கணக்கான பேச்சு. நாளேட்டிலோ ஆட்சியரிடம் மனு கொடுத்த மறுநாள் வரும் சிறு பத்தி.

ஆனாலும் அந்தச் சிறு பத்தியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஏரிக்கு அருகிலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஏறத்தாழ 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் இதற்கு நல்ல சான்று. மீனவர் எதிர்ப்பும், கரை அரிப்பு பற்றிய ஆய்வாளர் வாதங்களும் ஆங்கில நாளேடுகளில் தொடர்ந்து வெளிவந்தன. 2021 சனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடைபெறவில்லை. இதற்கு முதற்காரணம் குப்பத்தாரின் போராட்டமே. ஏடுகள் அதைத் தில்லியில் உள்ளவர்களும் படிக்கச் செய்தன.

நாளேட்டுச் செய்தியே வழக்காவதும் உண்டு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2012 முதல் சென்னையில் இயங்குகிறது. தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் உறுதிசெய்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதை அந்த அமர்வு தானாகவே விசாரணைக்கு எடுத்தது.

ஆக, ஆரம்பாக்கம் பக்கத்து மீனவர் வீடுகளில் ஆங்கில நாளேடு வாங்குவோர் குறைவு என்றாலும், அவர்களின் வழக்கை விசாரிப்பவர்களின் மேசையில் அது இருக்கிறது. திருவள்ளூர் நிருபரின் பத்தி பிழையின்றி அமைய வேண்டியது அதனால்தான்.