ஓசூர்–கிருஷ்ணகிரி எல்லையில் ஆள்கடத்தல் தடுப்பு

தமிழ்நாட்டின் வடமேற்கு மூலையில், பெங்களூருவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஓசூர். ஜூஜூவாடி சோதனைச் சாவடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி; அது கர்நாடகம். 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டம் ஆந்திரத்தையும் தொட்டு நிற்பதால் சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு வேலைக்கு ஆள் வந்து சேரும் ஊராக இது மாறியது. ஆலைகளுக்கு மட்டுமல்ல, கல்குவாரி, கட்டட வேலை, பூந்தோட்டம் எல்லாவற்றுக்கும் வெளியூர்க் கைகள் வேண்டும். பிழைக்க ஊர்விட்டு வருவது கடத்தல் ஆகாது. ஏமாற்றியோ மிரட்டியோ கடனைக் காட்டியோ ஆளைக் கொண்டுவந்து போகவிடாமல் வேலை வாங்குவதுதான் குற்றம்.

குவாரியில் இது பெரும்பாலும் முன்பணத்தில் தொடங்குகிறது. கல்யாணத்துக்கோ மருத்துவத்துக்கோ மேஸ்திரி ஒரு தொகை கொடுப்பார். அதை அடைக்கக் குடும்பமே வந்து கல் உடைக்கும். வாரச் செலவுக்குக் கொடுக்கும் காசும் நோட்டில் கடனாக ஏறும். கணக்கு எழுதுபவர் முதலாளியின் ஆள், கையெழுத்துப் போடுபவருக்குப் படிக்கத் தெரியாது. ஊர்த் திருவிழாவுக்குப் போக வேண்டுமானால் வீட்டில் ஒருவரை விட்டுவிட்டுத்தான் போக முடியும். பூட்டும் வேலியும் தேவைப்படாத சிறை இது.

அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ஆள் வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் ஒரே மூச்சில் தடை செய்தது. பின்னால் வந்த சட்டங்கள் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டன. பல சிக்கல்களுக்கு அதுவே வேர். 1950 மே 9 அன்று நியூயார்க்கில் இந்தியா கையெழுத்திட்ட ஐ.நா. உடன்படிக்கையின் தொடர்ச்சியாக 1956இல் வந்த சட்டம் பாலியல் தொழிலுக்கான கடத்தலை மட்டும் பார்த்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் தனியே வந்தது. மத்தியப் பிரதேசத்தில் சிக்கிய தமிழகத் தொழிலாளர்களுக்காக 1985இல் மனித உரிமை அமைப்பான பி.யு.சி.எல். உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, பிறகு தமிழ்நாட்டின் கொத்தடிமைகளைப் பற்றிய வழக்காகவே விரிந்தது. நீதிமன்றம் அமர்த்திய ஆணையர்கள் 1995இல் தந்த அறிக்கை, மாநிலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொத்தடிமைகளாக இருப்பதாகச் சொன்னது. 1997இல் கண்காணிப்புப் பொறுப்பு தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் போனது. மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கிலோ மீட்கப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் 65 ஆயிரத்துக்கு மேல், கர்நாடகத்தில் 63 ஆயிரத்துக்கு மேல். ஜூஜூவாடியின் இரு பக்கமும் பட்டியலின் முதல் வரிசையில்தான் இருக்கின்றன.

உலக அளவில் கடத்தலுக்குப் பொதுவான வரையறை தந்தது 2000 நவம்பரில் ஐ.நா. ஏற்ற பலேர்மோ நெறிமுறை. இந்தியா 2002இல் கையெழுத்திட்டது, 2011 மே மாதம்தான் உறுதிப்படுத்தியது. இடைப்பட்ட ஆண்டுகளில், 2004 முதல் 2010 வரை, அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆண்டறிக்கை இந்தியாவைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருந்தது, 2011இல் விடுவித்தது. இரண்டும் ஒரே ஆண்டில் நடந்ததைத் தற்செயல் என்று நம்புவது கடினம். 2002இல் காத்மாண்டுவில் கையெழுத்தான சார்க் உடன்படிக்கையும் பாலியல் தொழிலுக்கான கடத்தலோடு நின்றுவிட்டது. வங்கதேசம், ஐக்கிய அரபு அமீரகம், கம்போடியா, மியான்மர் ஆகிய நாடுகளுடன் 2015 முதல் தனித்தனி ஒப்பந்தங்கள் வந்தன.

2013இல் திருத்தப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு பலேர்மோ வரையறையைத் தழுவியது. ஆனால் சுரண்டல் என்பதன் விளக்கத்தில் பலேர்மோவில் இருந்த 'கட்டாய உழைப்பு' மட்டும் விடுபட்டுப்போனது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு பிச்சையெடுக்க வைப்பதைச் சேர்த்துக்கொண்டது, விடுபட்டதைச் சேர்க்கவில்லை. கல்குவாரி வழக்குக்குத் தேவைப்படுவது அந்தச் சொல்தான். முழுமையான தனிச் சட்டத்துக்கான மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவைக்கு வராமலே காலாவதியானது.

2019 திருத்தத்தால் தேசியப் புலனாய்வு முகமைக்குக் கடத்தல் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் கிடைத்தது. கனடாவுக்கு அனுப்புவதாகச் சொல்லித் தமிழகக் கடற்கரை வழியாக அழைத்துவரப்பட்ட இலங்கையர் 38 பேர் 2021 ஜூனில் மங்களூருவில் பிடிபட்ட வழக்கை அது எடுத்துக்கொண்டது. 2023 நவம்பரில் தமிழ்நாடு, கர்நாடகம் உட்படப் பத்து மாநில, ஒன்றியப் பிரதேசங்களில் ஒரே நாளில் சோதனை நடத்தி 44 பேரைக் கைது செய்தது. வெளியே போகும் பாதையும் மாறிவிட்டது. கணினி வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்ட தமிழர் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை திரும்பினர். அத்தகைய கூடங்களிலிருந்து மீண்ட 549 இந்தியர்களை 2025 மார்ச்சில் விமானப்படை தாய்லாந்து வழியாக அழைத்துவந்தது.

உள்நாட்டில் மீட்கப்படுபவருக்குத் திருப்புமுனை கோட்ட அளவில் வழங்கப்படும் விடுதலைச் சான்றிதழ். முன்பணம் எவ்வளவு, கணக்கு யாரிடம், விட்டுப்போக முடிந்ததா என்று கேட்டுத்தான் அதைத் தருகிறார்கள். வேற்று மொழிக்காரர் என்றால் நடுவே மொழிபெயர்ப்பாளர் உட்கார வேண்டும். 2016ஆம் ஆண்டின் மத்தியத் திட்டப்படி மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டவருக்கு 3 லட்சம் ரூபாய். இதில் உடனடி உதவி போக மீதித் தொகை வழக்கின் தீர்ப்போடு கட்டப்பட்டிருக்கிறது. வேறு மாநிலத்துத் தொழிலாளி அதற்குள் சொந்த ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். மீட்ட மாவட்டத்தில் வழக்கு நடக்கும், பணம் அவருடைய சொந்த மாவட்டத்திலிருந்து வர வேண்டும்.