சங்கிலியின் நீளம் யாருக்குத் தெரியும்?

ஒரே போர்டில் மூன்று நான்கு சிப்களைச் சங்கிலியாகக் கோத்து, டீபக் கருவியை மாட்டுகிறவர்கள் எரிச்சலடையும் இடம் ஒன்று உண்டு. எந்தச் சிப் எத்தனையாவதாக நிற்கிறது, ஒவ்வொன்றின் கட்டளைப் பதிவேடும் எத்தனை பிட் நீளம் என்பதை ஆளே கணக்குப் பார்த்து எழுதித் தரவேண்டும். இதை வடிவமைத்தவர்களின் கவனக்குறைவு என்று பலர் திட்டுகிறார்கள். அந்தப் பழி பொருந்தாது. ஜேடேக் எனப்படும் இந்தச் சங்கிலி முறை டீபக் செய்யப் பிறந்ததே அல்ல. சால்டரிங் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் பிறந்தது.

அதற்கு முன் தொழிற்சாலைகளில் இருந்தது ‘ஆணிப் படுக்கை’. ஸ்பிரிங் ஊசிகள் மேல் போர்டை அழுத்தி ஒவ்வொரு இணைப்பையும் சோதிப்பார்கள். பீஷ்மரின் அம்புப் படுக்கை நினைவுக்கு வந்தால் தவறில்லை. 1980களில் சிப்களின் கால்கள் நெருங்கின, போர்டின் இரு பக்கமும் பாகங்கள் ஏறின. ஊசி வைக்க இடமில்லாமல் போயிற்று. 1985இல் ஐரோப்பிய நிறுவனங்கள் ஒரு குழு அமைத்தன. அடுத்த ஆண்டு வட அமெரிக்க நிறுவனங்களும் சேர்ந்துகொண்டன. ஊசியைச் சிப்புக்குள்ளேயே வைத்துவிடலாம் என்பது அவர்கள் கண்ட வழி. ஒவ்வொரு காலுக்குப் பின்னாலும் ஒரு சின்ன பிட் அறை. ஒரு சிப்பின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடு. எத்தனை சிப் இருந்தாலும் நான்கு கம்பிகள் போதும். 1990இல் இது ஐஇஇஇ 1149.1 தரநிலையாயிற்று. கட்டளைப் பதிவேடு குறைந்தது 2 பிட் இருக்கவேண்டும் என்றது தரநிலை. மேல் வரம்பை அது வைக்கவில்லை. சோதிப்பவர் கையில் போர்டின் வரைபடம் இருந்ததால் சங்கிலி தன்னைத்தானே விவரிக்கவேண்டிய தேவை எழவில்லை. 1994இல் சேர்ந்த பிஎஸ்டிஎல் விவரிப்பு மொழியே இதற்குச் சாட்சி: நீளம் கம்பி வழியாக அல்ல, தயாரிப்பாளர் தரும் கோப்பு வழியாக வரும் என்றுதான் எண்ணியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு சிப்பிலும் 32 பிட் அடையாள எண் இருக்கிறதே என்று கேட்கலாம். அது கட்டாயமல்ல, இல்லாத சிப், ரீசெட்டுக்குப் பின் ஒற்றை 0 மட்டும் தரும். இருந்தாலும் அந்த எண் சிப்பின் பெயரைச் சொல்லுமே தவிர நீளத்தைச் சொல்லாது. அளந்து பார்த்தால் என்ன என்பது அதைவிடக் கூர்மையான கேள்வி. மொத்த நீளத்தை அளக்கலாம்: எல்லாவற்றையும் 1களால் நிரப்பி, ஒரு 0 அனுப்பி, அது வெளியே வர எத்தனை துடிப்பு என்று எண்ணினால் போதும். அதைச் சிப்வாரியாக எங்கே வெட்டுவது என்பதில்தான் சிக்கல். ஒவ்வொரு சிப்பும் பதிவேட்டின் கடைசி இரண்டு பிட்டில் 01 காட்டவேண்டும் என்பது விதி. மற்ற பிட்களும் 01 காட்டக்கூடாது என்று விதி இல்லை. ஆகவே போலி எல்லைகள் தோன்றும். எஸ்டிஎம்32எஃப்103 ஒரே சிப்தான். அதற்குள் 5 பிட்டும் 4 பிட்டுமாக இரண்டு கண்ணிகள். ஒரு சிப் என்றால் ஒரு கண்ணி என்று நம்பி எழுதினால் கட்டளை இடம் பெயர்ந்து, வேறொன்றாகப் போய் விழும்.

டீபக் பின்னால் வந்த குடித்தனக்காரர். ஏஆர்எம்7டிடிஎம்ஐ செயலியின் பெயரிலுள்ள முதல் ‘டி’, தம்ப் என்ற சுருக்கக் கட்டளைத் தொகுப்பு. அடுத்த ‘டி’தான் டீபக். போர்டில் ஏற்கெனவே ஓடிய கம்பிகளிலேயே அதுவும் ஏறிக்கொண்டது, சங்கிலியின் குணத்தோடு சேர்த்து. 2009இல் வந்த 1149.7 தரநிலை இரண்டு கம்பியில், சங்கிலி இல்லாத நட்சத்திர இணைப்புக்கும் வழிசெய்தது. ஆனாலும் பழைய சங்கிலி போகவில்லை. கண்ணிகளை எழுதித் தராவிட்டால் ஓப்பன்ஓசிடி மென்பொருள் தானாகத் தேடிப்பார்க்கும். அது பலிக்காமல் போகலாம் என்ற எச்சரிக்கையை முதலில் அச்சிட்டுவிட்டு.