ஆலைக்குள் ஒரு பருவம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் காற்றின் கணக்கை ஆண்டாளின் இரண்டு விழாக்காலங்களை வைத்தே சொல்லிவிடலாம். ஆடிப்பூரத் தேர் ஓடும் நாட்களில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வந்து அடிக்கும். மழையைக் கேரளப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு வெறுங்காற்றாய் இறங்குவதால் புழுதியைக் கிளப்பும். ஆனால் ஊர்ப்புகையை ஒரு பொழுதில் கிழக்கே வாரிக்கொண்டு போய்விடும். மார்கழியில் எல்லாம் தலைகீழ். இரவில் குளிர்ந்த தரையை ஒட்டிய காற்று மேலெழாமல் கிடக்க, பால்கோவா அடுப்பின் விறகுப் புகையும் மதுரை-கொல்லம் சாலையின் லாரிப் புகையும் வெயில் ஏறும்வரை தாழவே நிற்கும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ராஜபாளையத்துக்கும் இதே வானம்தான். ஆனால் ராஜபாளையத்தின் காற்று வரலாற்றை இந்தக் கணக்கோடு முடித்தால் பாதி ஊர் விட்டுப்போகும். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதன்பின் ஆலைகள் பெருகப் பெருக, ஊரில் ஒரு பெரும் பகுதியினர் நாளில் எட்டு மணி நேரம் மூச்சு விட்டது கதவடைத்த கூடங்களுக்குள், ஆலையே உண்டாக்கிக்கொண்ட வேறொரு பருவத்தில்.

கதவை ஏன் அடைக்க வேண்டும்? வறண்ட காற்றில் நூல் அறுந்துகொண்டே இருக்கும், பஞ்சு பறக்கும். நூற்புக்குக் காற்றில் ஏறத்தாழ 55 முதல் 60 சதவீதம் ஈரப்பதம் வேண்டும், நெசவுக்கு அதற்கும் மேலே. மழைமறைவுப் பகுதியில் இருக்கும் ஊரின் பங்குனி, சித்திரையில் அதற்கு வழியில்லை. ஈரத்துக்குப் பேர்போன இங்கிலாந்தின் லங்காஷயரிலேயே நெசவுக்கூடங்களுக்குள் நீராவி விட்டார்கள். அது மிதமிஞ்சிப் போய், 1889இல் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த வேண்டிவந்தது. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 15ஆம் பிரிவும் அந்த வழியில் வந்ததுதான்: காற்றை ஈரமாக்கத் தெளிக்கும் தண்ணீர் குடிதண்ணீராகவோ நன்கு சுத்திகரித்ததாகவோ இருக்க வேண்டும் என்றது. தூசியை அது கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றச் சொன்னது அதற்கு முந்தைய 14ஆம் பிரிவு. எழுத்தில் குறையில்லை. நடப்பிலோ, புளோரூமில் பஞ்சுப் பேலைப் பிரித்து உதறும்போதும் கார்டிங்கில் சீவும்போதும் பஞ்சோடு ஒட்டிவந்த இலைத்தூளும் காய்த்தோட்டின் பொடியும் கிளம்பும். ஷிப்ட் முடிந்து வருபவரின் புருவத்திலும் காதோர மயிரிலும் நரைபோல் ஒட்டியிருக்கும் பஞ்சு கண்ணுக்குத் தெரிகிற தூசி. நெஞ்சுக்குள் போவது அதைவிடப் பொடியானது.

ஆலைத் தொழிலாளியின் இருமலுக்கு இந்தத் தூசியைக் காரணம் சொன்னால், பீடி குடிப்பவனுக்கு இருமல் வராமல் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், புகைப்பழக்கம் பஞ்சுத்தூசி கொடுக்கும் நெஞ்சு நோயை முற்றவைக்கும் என்பதும் மெய்தான். ஆனால் பஞ்சுத்தூசி நோய்க்கு ஓர் அடையாளம் இருக்கிறது: வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள்தான் நெஞ்சை அடைக்கும். பீடி ஞாயிற்றுக்கிழமையும் புகைகிறது. விடுப்பில் தெளிந்து வேலையில் திரும்ப இறுகும் மூச்சுக்கு அது காரணம் சொல்லாது. சணலும் ஆளியும் சீவுகிறவர்களின் இருமலை இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார். 1950களில் லங்காஷயர் ஆலைகளை ஆராய்ந்த மருத்துவர் ஷில்லிங், இந்தத் திங்கட்கிழமை இறுக்கத்தை வைத்துத்தான் நோயைப் படிநிலைகளாகப் பிரித்தார். முதல் படியில் ஒருநாள் உபாதை. முற்றினால் வாரம் முழுக்க, பிறகு வேலையை விட்டாலும் போகாத இளைப்பு. இந்தியச் சட்டத்தில் பிசினோசிஸ் என்ற பெயரில் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களில் ஒன்றாக இது இருக்கிறது. ஆலைக்குள்ளிருந்த பருவம் வாரத்தைக் கணக்காக வைத்து ஓடியது என்று நான் சொல்வதற்கு அந்தத் திங்கட்கிழமை இறுக்கமே ஆதாரம்.

இன்றைய மில்லில் அந்தத் தூசி எங்கே, பேல் பிரிப்பதிலிருந்து எல்லாம் மூடிய எந்திரம், குழாய் வழி உறிஞ்சல் என்பது அடுத்த மறுப்பு. பெரிய ஆலைகளைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்ள வேண்டியதே. ஆனால் நூல் மில்லோடு நின்றுவிடுவதில்லை. பக்கத்துச் சத்திரப்பட்டியில் அது பேண்டேஜ் துணியாகிறது. புண்ணில் சுற்றுவதற்காகச் சல்லடைபோல் இடைவெளி விட்டு விசைத்தறியில் நெய்யும் துணி. கார்டிங் அளவுக்கு இங்கே தூசி இல்லைதான். ஆனால் தறிக்கு மேலே பஞ்சு படியும் சிறு கொட்டகையில் உறிஞ்சும் குழாயை யார் வைப்பார்கள்? 1981ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் கண் புகைபோக்கியின் மேல். 2009இல் நிர்ணயித்த வரம்பு, நுண்துகளுக்கு 24 மணி நேர சராசரியாகக் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், வெளிக்காற்றுக்கு மட்டும். கூரைக்குக் கீழே இருப்பதைப் பார்க்க வேண்டியிருந்த தொழிற்சாலைச் சட்டமோ மின்விசையில் இயங்கும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் வாசலுக்கு வந்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025இல் அதன் இடத்துக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 20 ஆக்கியிருக்கிறது.