ரயில் போன பிறகு பாலம் யாருக்கு?

ஏற்காட்டுக்கு ரயில் ஏறியதே இல்லை. சேர்வராயன் மலையின் உச்சியில் காபியும் மிளகும் ஆரஞ்சும் இருக்கின்றன. தண்டவாளம் எல்லாம் அடிவாரத்தோடு சரி. 1861இல் மதராஸ் ரயில்வே சேலத்தைத் தொட்டபோது, அந்தப் பாதை மலையை ஏற முயலவில்லை, சுற்றிக்கொண்டு வந்தது. இன்றைய ஸ்டேஷன் பெயர்களில் சொன்னால் திருப்பத்தூர், சாமல்பட்டி, மொரப்பூர், பொம்மிடி, லோக்கூர், டேனிஷ்பேட்டை, சேலம். 1820களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காபிச் செடி அதற்குள் மலையெங்கும் பரவியிருந்தது. தோட்டத் துரைமார்கள் சேலம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து குதிரையிலோ டோலியிலோ மலை ஏறினார்கள்.

அந்த மெயின் லைன் இன்று இரட்டைப் பாதை, மின்சாரப் பாதை. கோவைக்கும் கேரளத்துக்கும் போகும் வண்டிகள் ராத்திரி பகலாக ஓடுகின்றன. சும்மா கிடக்கும் பாலம் ஒன்று அதில் கிடைப்பது கஷ்டம். ஆனால் மலையின் வடக்கே, இதே பாதையில் இருக்கும் மொரப்பூரிலிருந்து கிளம்பிய ஒரு குட்டி ரயில் செத்துப்போனது. ரயில் நின்ற பிறகு அதன் தடத்துக்கும் பாலத்துக்கும் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்திலேயே கிடைக்கும் பதில் அதுதான்.

தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 1878 வரை, மதராஸ் மாகாணத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. தானியம் ஒரு ஊரில் இருக்கும், பசி இன்னொரு ஊரில் இருக்கும், நடுவில் மாட்டு வண்டி தவிர வேறு வழி கிடையாது. பஞ்சத்தை ஆராய்ந்த கமிஷன், வறண்ட பகுதிகளுக்கு ரயில் போட வேண்டும் என்றது. அந்த யோசனை மெல்ல நடந்து, 1905இல் திருப்பத்தூர் - கிருஷ்ணகிரிக்கும், 1906இல் மொரப்பூர் - தருமபுரிக்கும் நாரோ கேஜ் பாதைகளாக வந்து சேர்ந்தது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 762 மில்லிமீட்டர்தான். தருமபுரிப் பாதை 1913இல் ஓசூர் வரை நீண்டது.

பஞ்சத்துக்காகப் போட்ட பாதை லாபம் பார்க்கும் பாதை இல்லை. பஸ் வந்ததும் கூட்டம் குறைந்தது. கிருஷ்ணகிரி வண்டி 1936இல் நின்றது. ஓசூர் வண்டி 1941இல் நின்றது. இரண்டாம் உலகப் போருக்கு இரும்பு தேவைப்பட்டதால் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சேலம் - தருமபுரி - ஓசூர் - பெங்களூரு பாதை 1960களின் இறுதியில் வந்தபோதுதான் தருமபுரியும் ஓசூரும் மறுபடி விசில் கேட்டன. மொரப்பூர் - தருமபுரி இணைப்பு மட்டும் வரவில்லை. 36 கிலோமீட்டர் நீளத்துக்கு அதைப் புதிதாகப் போட 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். அதன் பிறகு அந்த வேலையை இழுத்தடித்தது பாலமோ பாறையோ அல்ல, நிலம் எடுப்பு. ஒரு காலத்தில் ரயில் ஓடிய ஊர்களுக்கு நடுவிலேயே, ரயிலுக்கான நிலத்தைப் பட்டா பட்டாவாகப் புதிதாகத் தேட வேண்டியதாயிற்று.

இரும்பை எடுத்துக்கொண்டு மண்ணைக் கைவிட்டால் இதுதான் நடக்கும். பழைய ரயில் பாலத்தை நடைபாதை ஆக்கிய ஊர்களின் கதையைப் பார்த்தால், பாலத்தைக் காப்பாற்றியதைவிட, பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த நீண்ட ஒற்றை நிலத்தைத் துண்டு போடாமல் காப்பாற்றியதுதான் பெரிய வேலையாக இருந்திருக்கிறது.

அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றின் மேல், பொக்கிப்ஸி என்ற ஊரில் 1889இல் திறந்த ரயில் பாலம் ஒன்று இருக்கிறது. நீளம் சுமார் 2 கிலோமீட்டர். ஆற்றிலிருந்து உயரம் சுமார் 65 மீட்டர். 1974 மே மாதம் மேலே இருந்த ஸ்லீப்பர் கட்டைகள் தீப்பிடித்து எரிந்தன. ரயில் கம்பெனி அதைச் சரிசெய்யவில்லை. பத்து வருஷம் கழித்து அந்தப் பாலத்தை ஒரே ஒரு டாலருக்கு விற்றார்கள். ஒரு டாலர் என்றால் இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. பெயின்ட் அடிப்பது, கப்பல்களுக்கு விளக்குப் போடுவது, உதிரும் துண்டுக்குப் பதில் சொல்வது எல்லாம் அந்த ஒரு டாலரோடு சேர்ந்து வந்தவை. கடைசியில் ஊர்க்காரர்கள் சேர்ந்து அமைப்பாகி, 1998இல் பாலத்தைத் தங்கள் பேருக்கு வாங்கி, பணம் திரட்டி, 2009 அக்டோபரில் நடைபாதையாகத் திறந்தார்கள்.

அதே நாட்டில் 1983இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. ரயில் நின்றுபோன தடத்தை நடைபாதையாகப் பயன்படுத்தலாம். ஆனால் ரயிலுக்கான உரிமை அழியாது, நாளைக்கு மறுபடி ரயில் ஓட்ட வேண்டுமானால் ஓட்டலாம். அதாவது நடப்பவர்கள் அந்த நிலத்துக்குக் காவலாளிகள். தடம் ஓடிய நிலத்தின் பழைய சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். சட்டம் செல்லும் என்று 1990இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

தமிழர்களுக்கு நெருக்கமான உதாரணம் சிங்கப்பூரில் இருக்கிறது. அங்கே 1903இல் முதல் ரயில் ஓடியது. அது நகரத்து வீதிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனதால், லெவல் கிராசிங்குகளில் வண்டிகள் தேங்கின. எனவே பாதையை மேற்கே தள்ளி, உயர்த்தி, தஞ்சோங் பகாரில் பெரிய ஸ்டேஷன் கட்டி 1932 மே மாதம் திறந்தார்கள். புக்கிட் தீமாவில் சாலைக்கு மேலே நிற்கும் இரண்டு இரும்பு டிரஸ் பாலங்கள் அந்த மாற்றுப் பாதையோடு வந்தவை. ஒன்று புக்கிட் தீமா ஸ்டேஷன் அருகில், இன்னொன்று அப்பர் புக்கிட் தீமா சாலையில்.

மலாயா ரயில்வேயில் தமிழர்களின் உழைப்பு எல்லாப் படியிலும் இருந்தது. மண் வெட்டி, ஜல்லி கொட்டி, கேங்மேனாக லைனைப் பார்த்துக்கொண்டவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் ஏராளம். கிளார்க், ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலிகளில் யாழ்ப்பாணத்தார். சிங்கப்பூர் குவீன்ஸ்வே பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த தொழிலாளர்கள் 1932இல் லைன் ஓரமாக முனீஸ்வரனுக்கு ஒரு சிறு கோயில் எழுப்பினார்கள். முனியாண்டி கோயில் என்று அன்றைக்கு அதற்குப் பெயர். இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய கோபுரத்தோடு நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம் அதன் வாரிசு. காவல் தெய்வத்தைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உட்கார வைக்காமல் ஒரு தமிழ் லைன் கூட்டம் வேலை செய்யுமா என்ன!

1965இல் சிங்கப்பூர் தனி நாடான பிறகும் அந்த ரயில் நிலம் மலேசிய ரயில்வேயின் கையிலேயே இருந்தது. சொந்த நாட்டின் நடுவே, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அடுத்த நாட்டு ரயில்வேயின் நிலம்! 1990இல் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு என்ன அர்த்தம் என்பதிலேயே இரு தரப்பும் இருபது வருஷம் வாதாடின. 2010 மே மாதம் பிரதமர்கள் லீ சியன் லூங்கும் நஜீப் ரசாக்கும் முடிவுக்கு வந்தார்கள். ஸ்டேஷன் எல்லையோரமான உட்லண்ட்ஸுக்கு நகரும். ரயில் நிலம் சிங்கப்பூருக்கு வரும். பதிலுக்கு மரினா சவுத்திலும் ஓஃபீர்-ரோச்சோரிலும் இரு நாடுகளும் சேர்ந்து கட்டடங்கள் எழுப்பும். 2011 ஜூன் 30 இரவு கடைசி வண்டி தஞ்சோங் பகாரிலிருந்து கிளம்பியது. இன்ஜினை ஓட்டியவர் ஜொகூர் சுல்தான்.

நிலம் சிங்கப்பூருக்கு அரிது. 24 கிலோமீட்டர் நீளத்துக்கு நாட்டின் நெஞ்சுக்கூட்டில் நிலம் கிடைத்தால், அடுக்குமாடிகளும் எக்ஸ்பிரஸ்வேயும் கண்முன் வருவது இயல்பு. அதற்கு முந்திக்கொண்டு 2010 அக்டோபரிலேயே சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் ஒரு திட்டத்தை அரசிடம் நீட்டியிருந்தது: தடத்தை வெட்டாமல் முழுசாகப் பசுமை வழியாக விட்டுவிடுங்கள். ரயில் நின்ற பிறகு, ஜூலையில் மக்கள் குடும்பம் குடும்பமாகத் தண்டவாளத்தில் நடந்து பார்த்தார்கள். சங்கத்தின் மனுவைவிட அந்தக் கூட்டம் உரக்கப் பேசியது.

தண்டவாளத்தைக் கழற்றினார்கள்; பாலங்களைக் கழற்றவில்லை. தஞ்சோங் பகார் ஸ்டேஷன் தேசிய நினைவுச்சின்னமானது. புக்கிட் தீமா ஸ்டேஷன் பாதுகாக்கப்பட்ட கட்டடமானது. அங்கே ஒரு துண்டு தண்டவாளம் இன்றும் கிடக்கிறது. 2015இல் போட்டி வைத்து, நிக்கென் செக்கெய் என்ற ஜப்பானிய நிறுவனமும் டியெரா டிசைன் நிறுவனமும் வரைந்த திட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்னொரு உபகாரமும் நடந்தது. நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக ஒரு பெரிய குழாய் தேவைப்பட்டது. வீதிகளைத் தோண்டாமல் இந்தத் தடத்தின் ஒரு பகுதிக்கு அடியிலேயே பதித்துவிட்டார்கள். மண் ஒரே துண்டாக இருந்ததால் மேலே மனிதர்களும் கீழே குடிநீரும் போக முடிந்தது. டிரஸ் பாலங்களைப் பலப்படுத்தி, துரு நீக்கி, நடக்கத் தளம் போட்டு, 2021 மார்ச்சில் நடுப்பகுதியைத் திறந்தார்கள்.

பாலத்தை மாற்றுவதில் பொறியியல் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது விசித்திரமானது. பாரம் ஒரு பிரச்சினையே இல்லை. மூன்று மீட்டர் அகலத் தளத்தில் தேர்த் திருவிழா போல ஜனம் நெருங்கி நின்றாலும் மீட்டருக்கு ஒன்றரை டன்தான் வரும். இன்றைய சரக்கு வண்டி ஒரு மீட்டருக்கு ஏழெட்டு டன் இறக்கும். சிரமம் வேறு இடத்தில். ரயில் பாலத்துக்குத் தரை கிடையாது. ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே ஆறு தெரியும். அதற்குத் தளம் போட வேண்டும், குழந்தை நுழையாத கைப்பிடி வேண்டும், ஆபத்தில் ஆளை இறக்க வழி வேண்டும். ரயில்வேயில் இருந்தவரை வருஷா வருஷம் ரிவெட்டைத் தட்டிப் பார்க்கவும் பெயின்ட் அடிக்கவும் ஆள் இருந்தது. கைமாறிய பிறகு அந்த வேலை யாருடையது? குஜராத்தின் மோர்பியில் நடப்பவர்களுக்கென்றே இருந்த பழைய தொங்குபாலம், பழுதுபார்த்துத் திறந்த சில நாட்களில், 2022 அக்டோபர் 30 அன்று அறுந்து விழுந்து 130க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது ரயில் பாலம் இல்லை என்றாலும், இனி எந்த அதிகாரியும் பழைய பாலத்தை நடைக்குத் திறந்துவிடும் கோப்பில் யோசிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார்.

நம் பாம்பன் பாலத்துக்கு அந்த வாய்ப்பே அமையவில்லை. 1914 பிப்ரவரியில் திறந்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று பக்கத்திலேயே புதிய பாலம் திறந்ததும் பழையதைப் பிரித்தெடுக்க ரயில்வே முடிவு செய்தது. உப்புக் காற்றில் நூறு வருஷம் நின்ற இரும்பு அது. தவிர, 1988இலிருந்து அருகிலேயே இந்திரா காந்தி சாலைப் பாலம் இருக்கிறது. கடலுக்கு நடுவே நின்று வேடிக்கை பார்க்க ஜனங்களுக்கு ஓர் இடம் ஏற்கெனவே உண்டு.

பழைய மதராஸ் மாகாணத்தின் வடக்குப் பக்கத்தில், கோதாவரியின் மேல் கதை வேறு மாதிரி போகிறது. ராஜமுந்திரிக்கும் கொவ்வூருக்கும் இடையே 1900இல் திறந்த ஹேவ்லாக் பாலத்துக்கு 56 கண்கள். நீளம் சுமார் இரண்டே முக்கால் கிலோமீட்டர். அன்றைய மதராஸ் கவர்னர் ஆர்தர் ஹேவ்லாக்கின் பெயர். அவர் அதற்கு முன் இலங்கையில் கவர்னராக இருந்தவர். கட்டிய இன்ஜினியர் வால்டன், காசியில் கங்கை மேல் டஃப்ரின் பாலம் கட்டியவர். ஹேவ்லாக் பாலம் வருவதற்கு முன்பு கல்கத்தா போகிறவர்கள் இங்கே இறங்கி ஆற்றைப் படகில் தாண்ட வேண்டியிருந்தது. 1974இல் ரயிலும் சாலையும் சேர்ந்த இரண்டாவது பாலமும், 1997இல் வில் வளைவுப் பாலமும் வந்தன. அந்த வருஷத்தோடு ஹேவ்லாக் ஓய்வு பெற்றது.

அதன் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் அது சும்மா நின்றது. பிரித்து விற்கக் கூடாது என்று ஊரில் குரல் எழுந்தது. நடைபாதையாக்கும் யோசனை ஆட்சிகள் மாற மாற மேலே வந்து அடங்கியது. பாலம் ரயில்வேயுடையது, சுற்றுலா மாநிலத்தினுடையது, ஆறு இன்னொரு துறையினுடையது. 2025 ஜூனில் ‘அகண்ட கோதாவரி’ திட்டத்துக்கு ராஜமுந்திரியில் அடிக்கல் நாட்டினார்கள். பழைய பாலத்தைச் சுற்றுலா இடமாக்குவதும் அதில் அடக்கம். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 2022 ஏப்ரலில் ஆந்திராவில் மாவட்டங்களைத் திருத்தி அமைத்தபோது, மேற்குக் கோதாவரியில் இருந்த கொவ்வூரைக் கிழக்குக் கோதாவரியோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் பாலத்தின் இரண்டு முனை நிலமும் இப்போது ஒரே கலெக்டரின் மேஜைக்குக் கீழே வருகிறது.