திண்ணை முதல் ஒன்றியம் வரை: வாலாஜாபாத் வட்டாரப் பள்ளிகளின் வரலாறு

காஞ்சிபுரம் மாவட்டத்தின் வாலாஜாபாத் ஊராட்சி ஒன்றியம் 61 ஊராட்சிகளைக் கொண்டது. இவ்வூர்களின் அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் ஒன்றியப் பள்ளிகள் என்றே வழங்கப்படுகின்றன. இவை இன்றைய வடிவைப் பெறுமுன் கோயில், திண்ணை, மிஷன், மாவட்டக் கழகம், அரசு எனப் பல கைகள் இவ்வட்டாரக் கல்வியைத் தாங்கியுள்ளன. ஒவ்வொரு கை மாறும்போதும் எந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்தது என்பதே இவ்வரலாற்றின் உரைகல்.

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் திருமுக்கூடலில், பெருமாள் கோயிலில் உள்ள வீரராஜேந்திர சோழனின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வேதமும் இலக்கணமும் பயிற்றிய கல்விச்சாலையையும், மாணவர் விடுதியையும், ஆதுலர்சாலை எனப்பட்ட 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையையும் குறிப்பிடுகிறது. மாணவருக்கு உணவும் உறைவிடமும் அளித்த உயர்ந்த ஏற்பாடு அது. எனினும் வேதக் கல்விக்கு உரியவராகக் கருதப்பட்டோர் மட்டுமே அதன் பயனைப் பெற்றனர்.

ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலோர் கற்றது திண்ணைப் பள்ளிக்கூடத்தில்தான். மணலில் விரலால் எழுத்தை எழுதிப் பழகி, பின்னர் ஓலையும் எழுத்தாணியும் பிடித்து, கீழ்வாய் இலக்கம் என்னும் பின்ன வாய்பாடு வரை எண்சுவடியை மனப்பாடம் செய்த மாணவர்களை, அவர்களுள் மூத்தவனான சட்டாம்பிள்ளை மேற்பார்த்தான். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் இம்முறையைக் கண்ட பாதிரியார் ஆண்ட்ரூ பெல், சென்னை எழும்பூர் அநாதை இல்லத்தில் அதைக் கையாண்டு, 1797-இல் இங்கிலாந்தில் நூலாக்கினார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது அந்நாட்டு ஏழைப் பள்ளிகளில் பரவியது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆணையிட்ட கணக்கெடுப்பில், இவ்வட்டாரம் அன்று அடங்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் 508 பள்ளிகள் பதிவாயின. ஆனால் மாகாணம் முழுவதிலும் பயின்ற ஏறத்தாழ 1,88,000 பேரில் பெண்கள் 4,500 பேரளவிலேயே இருந்தனர். சேரிப் பிள்ளைகளாலோ திண்ணையை நெருங்கவும் முடியவில்லை.

நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய வாலாஜாபாத், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கும்பினியின் படைமுகாமாக வளர்ந்தது. அண்டையிலுள்ள காஞ்சிபுரத்தில் ஸ்காட்லாந்து மிஷன் 1839-இல் ஆண்டர்சன் பள்ளியைத் தொடங்கி ஆங்கிலக் கல்விக்கு வழி திறந்தது. ஆட்சியர் டிரெமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கை, செங்கல்பட்டுப் பறையர் மக்களின் நிலமின்மையையும் கொத்தடிமை நிலையையும் அரசின் முன் வைத்தது. இம்மக்களின் பிள்ளைகளுக்காக 1920-க்குப் பின் தொழிலாளர் துறை நடத்திய பள்ளிகளே இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு முன்னோடி. வாலாஜாபாத்திலேயே வா. தி. மாசிலாமணி முதலியார் நிறுவிய இந்துமத பாடசாலை, உள்ளூர் முயற்சியின் பயனாக எழுந்த கல்வி நிறுவனமாகும்.

ஜில்லா போர்டு எனப்பட்ட மாவட்டக் கழகங்களின் பொறுப்பிலிருந்த தொடக்கப் பள்ளிகள், 1958-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தால் ஒன்றியங்களிடம் வந்தன. 1956-இல் காமராசர் ஆட்சி தொடங்கிய மதிய உணவும், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் 1958-இல் கூடிய பள்ளிச் சீரமைப்பு மாநாடும், ஊராரின் நன்கொடையால் பள்ளிக்குத் தளவாடம் சேர்க்கும் வழக்கத்தை வளர்த்தன. 1981-இல் ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தது. எனினும் காஞ்சிபுரம் பட்டுத்தறிகளில், முன்பணம் பெற்ற பெற்றோரின் கடனுக்காகக் தறிக்குழியில் கால் வைத்து உழைத்த பிள்ளைகளை வகுப்பறைக்கு மீட்க, 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அதன்வழி அமைந்த சிறப்புப் பள்ளிகளும் தேவைப்பட்டன.

கட்டணமும் சாதியும் கேளாமல் எந்தப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளும் கடமை கொண்டது ஒன்றியப் பள்ளி. கோயிற்சாலையின் விடுதிச் சோறும் திண்ணையின் எண்ணறிவும் இவ்வளவு பேருக்கு எட்டியது இதன் வழியேதான். ஆகவே அதற்கு நல்ல கட்டடமும் போதிய ஆசிரியரும் கிடைக்கச் செய்வது, தலைமுறைகள் போராடிப் பெற்ற உரிமையைக் காப்பதாகும்.