கோலார் தங்கவயலும் நியூட்ரினோ ஆய்வு வரலாறும்

வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பெருமளவில் உழைத்த இடம் கோலார் தங்கவயல். அங்கு ஏறத்தாழ 2.3 கி.மீ. ஆழத்தில், பிற துகள்களைப் பாறை தடுத்துநிற்க, டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனமும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் 1965இல் நியூட்ரினோத் தடயங்களைப் பதிவுசெய்தன. அவை அண்டக்கதிர்கள் புவியின் வளிமண்டலத்தில் மோதியதால் பிறந்தவை. சூரியக் குடும்பத்திற்கு அப்பாலிருந்து வரும் பேராற்றல் நியூட்ரினோக்களுக்கான சான்றைத் தென்துருவ ஐஸ்கியூப் ஆய்வகம் 2013இல் அளித்தது. 2017இல் பதிவான ஒன்று, தொலைவிலுள்ள விண்மீன்திரளொன்றின் மையக் கருந்துளையை மூலமாகச் சுட்டியது. 2023இல் மத்தியதரைக் கடலடியில் பதிவான, ஏறத்தாழ 220 பெட்டா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய நியூட்ரினோவின் மூலம் உறுதிப்படவில்லை. கோலார் சுரங்கமோ 2001இல் மூடப்பட்டது. இவ்வாய்வின் வரலாற்றில் ஆய்வாளர் பெயர்கள் நிற்கின்றன. அந்த ஆழத்தை அகழ்ந்த தொழிலாளரின் பங்கும் அதில் எழுதப்பட வேண்டும்.